பழைய வின்ச் வாங்கினால் இரும்பைப் பாருங்கள், மோட்டாரை அல்ல

மாட்டிக்கொண்ட வண்டியை, டிரம்மில் சுற்றிய வடத்தால் இழுத்து மீட்கும் கருவிதான் வின்ச். வண்டிக்கு அது வேண்டும் என்று முடிவானதும் இரண்டு சரக்கு கண்முன் வந்து நிற்கும். ஒன்று, நல்ல பெயருள்ள பழைய வின்ச். மேலெல்லாம் துரு, பிளக் உடைந்திருக்கிறது, கம்பிவடம் பிரிந்து கையைக் குத்துகிறது. விற்பவர் "மோட்டார் சுத்துது" என்று மட்டும் சொல்கிறார். இன்னொன்று, அதே பணத்துக்கோ கொஞ்சம் கூடுதலாகவோ கிடைக்கும் புதியது. பெயர் அதிகம் கேள்விப்பட்டதில்லை, ஆனால் கயிறு, ரிமோட், போல்ட் முதற்கொண்டு எல்லாம் பெட்டியிலேயே வந்துவிடும். எதை எடுப்பது?

உதிரி பாகம் இன்னும் கிடைக்கிற மாடல் என்றால் நான் பழையதன் பக்கம்தான் சாய்வேன். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பழைய வின்சில் நாம் காசு கொடுப்பது மூன்று பொருளுக்கு மட்டும்: வார்ப்பு உடல், டிரம், கியர். மோட்டார், சோலனாய்டு (மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் காந்தச் சுவிட்ச்), வயர், வடம் எல்லாம் எப்படியும் மாற்றப்போகிற பட்டியலில் இருப்பவை. அவை நன்றாக இருந்தால் லாபம், இல்லாவிட்டால் நட்டமில்லை என்கிற விலையில் பேரம் படிய வேண்டும். அப்படிப் பார்த்தால், விற்பவர் சொல்லும் "மோட்டார் சுத்துது" என்பதற்குப் பெரிய மதிப்பில்லை. சுமையே இல்லாமல் பேட்டரியில் கொடுத்தால் பாதி கெட்ட மோட்டாரும் சுற்றத்தான் செய்யும்.

முதலில் எவ்வளவு இழுக்க வேண்டும்?

வின்ச் உலகில் எல்லோரும் சொல்லும் கணக்கு, சாமான் ஏற்றிய வண்டியின் மொத்த எடையைப் போல ஒன்றரை மடங்கு. முழுச் சுமையோடு 2500 கிலோ வரும் வண்டிக்கு 3750 கிலோ. பவுண்டில் 8300 அளவுக்கு வரும். எனவே 8500 முதல் 9500 பவுண்டு வரையான வகுப்பு போதும். அதற்கு மேலே 12000 பவுண்டு என்று போவது பல நேரம் முன் அச்சில் வீண் எடையை ஏற்றுவதுதான்.

இந்த ஒன்றரை மடங்கு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பேரம் பேசுவது எளிது. தார்ச் சாலையில் வண்டியை உருட்ட அதன் எடையில் 25இல் ஒரு பங்கு விசை போதும். புல்தரையில் 7இல் ஒரு பங்கு, பொடி மணலில் 4இல் ஒரு பங்கு, அச்சு வரை இறங்கிய சேற்றில் பாதி என்பது வண்டி மீட்பவர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. ஏற்றமாக இருந்தால் ஒவ்வொரு பாகைக்கும் எடையில் 60இல் ஒரு பங்கு கூடும். நம் 2500 கிலோ வண்டி 15 பாகை ஏற்றத்தில் சேற்றில் புதைந்திருந்தால் 1250, அதோடு 625, மொத்தம் 1875 கிலோ.

அப்படியானால் 3750 கிலோ வின்ச் எதற்கு? பெட்டியில் அச்சடித்திருக்கும் அளவு டிரம்மில் முதல் அடுக்கு வடத்துக்கு மட்டுமே பொருந்தும். வடம் மேலே மேலே சுற்றச் சுற்ற டிரம்மின் விட்டம் கூடும், இழுவிசை குறையும். அடுக்குக்கு ஏறத்தாழ 10 முதல் 13 சதவீதம் போகும். நான்காம் அடுக்கில் இழுக்கும்போது அச்சடித்த எண்ணில் மூன்றில் இரண்டு பங்குதான் கையில். அதில் பேட்டரி தளர்வையும் பழைய கியரின் தேய்மானத்தையும் கழித்தால், ஒன்றரை மடங்கு ஆடம்பரமாகத் தெரியாது. கையில் ஒரு கப்பி இருந்தால் வடத்தை மடித்து இழுவிசையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கலாம், வேகம் பாதியாகும். பழைய வின்ச் எடுப்பவர் முதல் நாளே ஒரு கப்பியும் வாங்கிவிட வேண்டும். மோட்டாரின் ஆயுளைக் கூட்ட அதைவிட மலிவான வழி கிடையாது.

மின்சாரம் அல்லாத வழிகள்

இதை வேகமாகக் கடந்துவிடலாம். கியர்பெட்டியிலிருந்து தண்டு வழியே சக்தி எடுக்கும் பி.டி.ஓ. வின்ச் பழைய லேண்ட் ரோவரிலும் லேண்ட் க்ரூசரிலும் வந்தது. நாள் முழுக்க இழுத்தாலும் சூடாகாது. சுமை மீறினால் ஷியர் பின் அறுந்து மற்றதைக் காப்பாற்றும். ஆனால் உங்கள் கியர்பெட்டியில் அந்தத் தண்டைக் கோக்க வாயில் இருக்க வேண்டும், இன்றைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் கிடையாது. ஹைட்ராலிக் வின்ச் பவர் ஸ்டீயரிங் பம்ப்பிலிருந்து ஓடும். மெதுவானது, தண்ணீருக்கு அஞ்சாதது. ஸ்டீயரிங்கே மின்மோட்டாரில் ஓடுகிற வண்டியில் அந்தப் பம்ப்பே இல்லை. இரண்டுக்கும் பொதுவான குறை, எஞ்சின் நின்றால் வின்சும் நின்றுவிடும் என்பது. ஆற்றின் நடுவே எஞ்சின் தண்ணீர் குடித்த நேரத்தில்தான் அது நினைவுக்கு வரும்.

கையால் இயக்கும் டிர்ஃபோர் வகையைக் கேலி செய்பவர்கள் அதிகம். நான் அந்தக் கட்சி இல்லை. 1.6 டன் இழுக்கும் அளவு ஒன்று இருந்தால் பின்னாலும் இழுக்கலாம், பக்கவாட்டிலும் இழுக்கலாம். முன் பம்பரில் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும் மின் வின்ச் முன்னோக்கி மட்டுமே இழுக்கும், அதாவது நீங்கள் ஏற்கெனவே மாட்டிக்கொண்ட திசைக்கே. வருடத்துக்கு ஓரிரு முறைதான் மாட்டுவேன் என்பவர் வின்சையே மறந்துவிட்டு, ஒரு டிர்ஃபோரும் மணல் பலகையும் வைத்துக்கொள்ளலாம். அவருக்கு இந்தக் கட்டுரை இதோடு முடிந்தது.

மின் வின்சில் கியர் மூன்று விதம்

பழைய சந்தையில் வேறுபாடு பிராண்டைவிடக் கியரில்தான் அதிகம்.

திருகு போன்ற தண்டு ஒரு பல்சக்கரத்தைச் சுற்றும் வார்ம் கியர் வகை, சூப்பர்விஞ்ச் ஹஸ்கி போன்றவை, வேகம் குறைந்தவை. மோட்டார் கொடுப்பதில் பாதிக்கும் மேல் உராய்விலேயே போய்விடும். ஆனால் அந்த உராய்வே பிரேக்காக நிற்கும். மோட்டாரை நிறுத்தினால் சுமை தானாகப் பின்னால் ஓடாது. தனி பிரேக் இல்லாததால் தேயவும் ஆளில்லை. இவ்வகையில் பார்க்க வேண்டியது வெண்கலப் பல்சக்கரம் மட்டும். மூடியைத் திறந்தால் எண்ணெயில் பொன்னிறத் துகள் மினுங்கினால் வெண்கலம் தேய்ந்து கரைந்திருக்கிறது. அந்தச் சக்கரத்தைத் தனியாகச் செய்து வாங்குவது லேசான காரியம் இல்லை, விட்டுவிடலாம்.

நிமிர்ந்த உடலும் நேர்ப்பல் கியரும் கொண்டது இரண்டாவது. இதன் அடையாளச் சின்னம் 1974இல் வந்த, வார்ன் நிறுவனத்தின் 8274. 134க்கு 1 கியர் விகிதம், சுமை இல்லாதபோது நல்ல வேகம், நீள வடம் கொள்ளும் டிரம், பிரேக் டிரம்முக்கு வெளியே கியர்பெட்டிக்குள். அரை நூற்றாண்டு தாண்டியும் ஆட்கள் இதைத் தேடி வாங்குவதற்குக் காரணம் ஏக்கம் மட்டுமல்ல. கழற்றி மாட்ட வசதியான வடிவமைப்பு, அதனால் உதிரி பாகமும் மேம்பாட்டுப் பாகமும் செய்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குறை, உயரம். இன்றைய பம்பருக்குள் ஒளியாது, ரேடியேட்டருக்கு முன்னால் எழுந்து நிற்கும், விளக்கையும் மறைக்கலாம். போட்டி வண்டிக்கும் பழைய ஜீப்புக்கும் பொருந்துவது ஊர் சுற்றும் புது எஸ்.யூ.வி.க்குப் பொருந்தாது.

மூன்றாவது பிளானட்டரி, நடுச் சக்கரத்தைச் சுற்றிச் சிறு சக்கரங்கள் ஓடும் கியர். ஒரு முனையில் மோட்டார், நடுவே டிரம், மறுமுனையில் கியர் என்று படுத்த உருளையாக இருக்கும். இன்று விற்பனையாகும் வின்சில் பெரும்பாலானவை இவைதான், புதிய மலிவு வின்சும் இதே அமைப்பு. கச்சிதம், நடுத்தரத் திறன், நல்ல வேகம். வார்ன் எம்8000, எக்ஸ்டி9000 போன்ற பழைய மாடல்கள் புதுப்பிக்க ஏற்றவை. இந்த வகையில் பிரேக் பல மாடல்களில் டிரம்முக்கு உள்ளேயே இருக்கிறது. இதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கயிறு தேர்வு செய்யும் இடத்தில் திரும்ப வரும்.

என் வரிசை: பம்பருக்குள் அடங்க வேண்டுமென்றால் பெயருள்ள பழைய பிளானட்டரி. இடம் இருக்கிறது, வேகம் வேண்டும் என்றால் நிமிர்ந்த வகை. வார்ம் வகை மலிவாகக் கிடைத்து, உங்களுக்கு அவசரமும் இல்லையென்றால் அதுவும் சரி.

வாங்கும் இடத்தில் பார்க்க வேண்டியது

கையில் ஒரு டார்ச், மல்டிமீட்டர், ஜம்பர் கேபிள். வேறு எதுவும் வேண்டாம்.

முதலில் வார்ப்பு. அலுமினிய உடலின் கால் பகுதியில், போல்ட் உட்காரும் காதுகளைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா? அழுக்கைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். இருந்தால் அங்கேயே நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம். வெல்டிங் போட்டுக் கொடுக்கிறேன் என்று யார் சொன்னாலும், டன் கணக்கில் இழுக்கும் ஒரு காதை ஒட்டுவேலையில் நம்பி நான் வடத்தின் பக்கத்தில் நிற்கமாட்டேன். அடுத்து டிரம்: விளிம்பு வளைந்து உடலை உரசியிருக்கிறதா, வடத்தின் முனையைப் பிடிக்கும் துளையோ திருகோ சிதைந்திருக்கிறதா. இரு முனைகளையும் இணைக்கும் டை-ராடுகள் நேராக இருக்கின்றனவா. வளைந்திருந்தால் அந்த வின்ச் சமமில்லாத தட்டில் பூட்டப்பட்டோ கோணலாக இழுக்கப்பட்டோ வாழ்ந்திருக்கிறது. கியரும் அந்தக் கதையில் பங்கு வாங்கியிருக்கும்.

கிளட்ச் நெம்பை ஃப்ரீ ஸ்பூலுக்கு, அதாவது டிரம் கியரிலிருந்து விடுபடும் நிலைக்குத் தள்ளி டிரம்மைக் கையால் சுற்றுங்கள். நெம்பு அசையவில்லை என்றால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் இறுகிப்போன பழைய கிரீஸ்தான். டிரம் ஓரிடத்தில் மட்டும் தட்டினால் அது பல் உடைந்ததற்கான அறிகுறி, அதற்குத்தான் பயப்பட வேண்டும்.

மோட்டார் கடைசியில். டெர்மினலை எண்ணினாலே எந்த வகை என்று தெரிந்துவிடும். ஏ, எஃப்1, எஃப்2 என மூன்று ஸ்டட்டும் உடலில் ஒரு எர்த் ஸ்டட்டும் இருந்தால் பெரும்பாலும் சீரீஸ் வைண்டிங், அதாவது காந்தத்துக்குப் பதில் கம்பிச்சுருள் உள்ள வகை. இரண்டே இருந்தால் நிரந்தரக் காந்த வகை. சீரீஸ் வகையைச் சோதிக்க, நெகட்டிவை எர்த் ஸ்டட்டுக்குக் கொடுத்து, ஏயையும் எஃப்1ஐயும் ஒரு கம்பியால் இணைத்து, எஃப்2வில் பாசிட்டிவைத் தொட வேண்டும். இணைப்பை எஃப்2வுக்கு மாற்றி எஃப்1இல் தொட்டால் எதிர்த்திசையில் சுற்றும். இரு திசையும் ஓடினால் ஃபீல்டு என்கிற அந்தக் கம்பிச்சுருள் உயிரோடு இருக்கிறது. நிரந்தரக் காந்த மோட்டார் குறைந்த சுமையில் சிக்கனம்தான், ஆனால் நீண்ட இழுப்பில் சீக்கிரம் சூடாகும், காந்தம் ஒட்டு விட்டு உதிர்ந்தால் மோட்டார் முடிந்தது. பழையது என்றால் சீரீஸ் மட்டும் என்பது என் பிடிவாதம்.

விலைக்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். வாங்கும் விலை, சோலனாய்டு, வயர், புதிய கயிறு, சீல், தேவைப்பட்டால் மோட்டார். இந்த மொத்தமும் அதே தரமுள்ள புதிய வின்சின் விலையில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் புதியதே மேல். கவனிக்க, ஒப்பிட வேண்டியது அதே தரத்துப் புதியதோடு, மலிவான புதியதோடு அல்ல.

புதுப்பிப்பதில் எதைச் சீர்செய்வது, எதை மாற்றுவது

வேலையின் பெரும்பகுதி கழுவுவது. கியர்பெட்டிக்குள் இருக்கும் பழைய கிரீஸ் தண்ணீரோடு கலந்து மெழுகாகி இருக்கும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். கழற்றும்போது ஒவ்வொரு அடுக்கையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிளானட்டரியில் மூன்று அடுக்கு கியர் ஒன்றன்மேல் ஒன்றாக வரும், திரஸ்ட் வாஷர் ஒன்று இடம் மாறினாலும் திரும்பக் கழற்ற வேண்டிவரும். துருப்பிடித்த திருகுகளின் தலை வழுக்கும், இம்பாக்ட் டிரைவர் இல்லாமல் தொடங்க வேண்டாம். புதிய கிரீஸை அளவோடு வையுங்கள். நிறைத்து அடைத்தால் அது சீலைத் தாண்டி பிரேக்குக்குப் போகும். கையேடு வேறு மாதிரி சொன்னாலன்றி பிரேக் பரப்பில் கிரீஸ் படவே கூடாது.

ஓ-ரிங், ஆயில் சீல், கேஸ்கெட் மூன்றையும் நல்லதோ கெட்டதோ கேட்காமல் மாற்றுங்கள். வின்சைக் கொல்வது சுமையைவிட ஈரம்தான். வருடக்கணக்கில் ஓடாமல் பம்பரில் உட்கார்ந்திருக்கும்போது உள்ளே சேரும் தண்ணீர் பேரிங்கை இறுக்கி, மோட்டார் தண்டோடு சுற்றும் செம்புத் தகட்டு வளையமான கம்யூட்டேட்டரைப் பச்சையாக்கி, அதைத் தொட்டு மின்சாரம் கொடுக்கும் பிரஷ்ஷை அதன் கூட்டிலேயே ஒட்டவைத்துவிடும்.

மோட்டாரில் முடிவு எடுக்க மல்டிமீட்டரும் மூக்கும் போதும். கம்யூட்டேட்டருக்கும் ஆர்மேச்சர் (மோட்டாரின் சுழலும் பகுதி) தண்டுக்கும் நடுவே மின் தொடர்ச்சி காட்டக் கூடாது. ஃபீல்டு காயிலுக்கும் உடலுக்கும் நடுவிலும் அப்படியே. ஆனால் இந்தச் சோதனையை ஃபீல்டின் மறுமுனை எர்த்தோடு இணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். திறந்ததும் வார்னிஷ் கருகிய வாசம் வந்தால் வைண்டிங் ஒருமுறை வெந்திருக்கிறது. கம்யூட்டேட்டர் கறுத்திருந்தால் நைசான உப்புத்தாளால் சுற்றித் துடைத்து, தகடுகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தால் போதும். எமரி வேண்டாம், அதன் துகள் பள்ளத்தில் தங்கி வம்பு செய்யும். பள்ளமாகத் தேய்ந்திருந்தால் லேத்தில் ஒரு மெல்லிய வெட்டு. பிரஷ்ஷும் சுருள்வில்லும் புதிதாகப் போடுங்கள்.

வைண்டிங் போய்விட்டால் திரும்பச் சுற்றுவதா, புது மோட்டாரா? மின்விசிறி மோட்டார் சுற்றுபவரிடம் கொண்டுபோகாதீர்கள். இதில் இருப்பது கனத்த செம்புப் பட்டை, ஸ்டார்ட்டர் மோட்டார் வேலை தெரிந்தவர்தான் இதற்கு ஆள். பிரபலமான மாடல்களுக்கு மாற்று மோட்டார் முழுசாகவே கிடைக்கிறது, கிடைத்தால் அதை வாங்குவதே நல்லது. அப்போது ஒரு ஆசை வரும்: பெரிய குதிரைத்திறன் உள்ளதாகப் போட்டால் என்ன? பிளானட்டரியில் போடாதீர்கள். வேகம் கூடினால் டிரம்முக்குள் இருக்கும் பிரேக்கின் சூடும் கூடும்.

சோலனாய்டு பற்றி விவாதமே இல்லை, மாற்றிவிடுங்கள். பழைய மாடலில் டப்பா டப்பாவாக நான்கு இருக்கும். "டக்" சத்தம் கேட்கிறது, அதனால் நல்லது என்பார்கள். சத்தம் வருவது காயிலிலிருந்து, கெடுவது உள்ளே இருக்கும் தொடுமுனை. சுமையில் அந்த முனை உருகி ஒட்டிக்கொண்டால் பொத்தானை விட்ட பின்னும் வின்ச் இழுத்துக்கொண்டே போகும். கொக்கி ஃபேர்லீடில் (வடம் வெளியே வரும் வாயில்) வந்து இடிக்கும்வரை, சில சமயம் இடித்த பின்னும். நான்கையும் எடுத்துவிட்டு, மூடி முத்திரையிட்ட ஒரே கான்டாக்டர் (அந்த நான்கின் வேலையையும் செய்யும் கனத்த சுவிட்ச்) போடுவது இன்றைய வழக்கம். தண்ணீர் புகாது, வயரிங்கும் பாதியாகக் குறையும்.

மலிவான புதியதை எப்போது எடுக்கலாம்

நியாயமாகச் சொன்னால், அதற்கும் இடம் இருக்கிறது. கழற்றி மாட்ட நேரமும் கருவியும் இல்லாதவர், வருகிற பயணத்துக்கே தேவைப்படுபவர், வின்சை ஒரு காப்பீடாக மட்டும் வைத்திருப்பவர் தாராளமாக எடுக்கலாம். உத்தரவாதம் உண்டு, சீல் புதியது, கான்டாக்டரும் புதியது. குறை எங்கே என்றால், அச்சடித்த இழுவிசையைத் தாராள மனதோடு எழுதியிருப்பார்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு கியர் வேண்டுமென்றால் அந்த மாடலே சந்தையில் இருக்காது. அன்றைக்கு அது எடைக்குத்தான் போகும். இந்த வழியில் போகிறவர் தேவையைவிட ஒரு வகுப்பு மேலே வாங்கி, வந்த அன்றே மோட்டார் முனையின் போல்ட்டுகளை இறுக்கி, இணைப்புகளுக்கு நீர்புகாப் பூச்சு கொடுத்துவிடுவது நல்லது.

எஃகு வடமா, சிந்தடிக் கயிறா

30 மீட்டர் நீளத்துக்கு 8 மி.மீ. எஃகு வடம் ஏறத்தாழ 8 கிலோ. அதே தடிமனில் டைனீமா வகைச் சிந்தடிக் கயிறு ஒன்றரைக் கிலோகூட வராது. ரோலர் ஃபேர்லீடுக்குப் பதில் அலுமினிய ஃபேர்லீடு போட்டால் மொத்தம் 10 கிலோ முன் அச்சிலிருந்து இறங்கும். அறுந்தால் சிந்தடிக் கயிறு எஃகைப் போலச் சாட்டையாகச் சீறாது. கையில் முள் குத்தாது. இத்தனை நல்லது சொன்ன பிறகும், பழைய பிளானட்டரியில் அதைப் போட நான் தயங்குவேன். காரணம் முன்பு சொன்ன உள் பிரேக். சுமையோடு மின்சாரத்தில் வடத்தை வெளியே விடும்போது, உதாரணமாகச் சரிவில் வண்டியை இறக்கும்போது, அந்த பிரேக் டிரம்மைக் கொதிக்கவைக்கும். சிந்தடிக் கயிற்றின் இழை 150 பாகை செல்சியஸை நெருங்கினாலே உருகிவிடும், அதற்கு வெகு முன்பே பலம் இழக்கத் தொடங்கும். கெடுவது அடியில் இருக்கும் முதல் அடுக்கு, வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது.

எனவே பிரேக் வெளியே உள்ள நிமிர்ந்த வகைக்குச் சிந்தடிக் கவலையில்லாமல் போடலாம். உள் பிரேக் உள்ளதில் போட்டால், முதல் அடுக்குக்கு வெப்பம் தாங்கும் உறை போட்ட கயிறு வாங்கி, சுமையோடு இறக்கும் வேலையைக் கொடுக்காமல் இருக்க வேண்டும். பாறையும் கூர்மணலும் அதிகம், பராமரிக்கச் சோம்பல் என்பவருக்கு எஃகுதான். எஃகு ஓடிய ரோலரில் சிந்தடிக்கை ஓடவிடாதீர்கள், அந்த ரோலரில் இருக்கும் கீறல்கள் கயிற்றை அறுக்கும். டிரம்மில் எஃகு என்றால் 5 சுற்று, சிந்தடிக் என்றால் 8 முதல் 10 சுற்று எப்போதும் மிச்சம் இருக்க வேண்டும். வடத்தைப் பிடித்திருப்பது அந்தச் சுற்றுகளின் உராய்வுதான், முனையில் இருக்கும் சிறு திருகு அல்ல.

எங்கே பூட்டுவது

8000 முதல் 12000 பவுண்டு வரையான பிளானட்டரி வின்சுகளில் பெரும்பாலானவற்றின் கால் துளைகள் ஒரே அளவு: 254 மி.மீ.க்கு 114.3 மி.மீ. எனவே பழையதுக்கும் ஆயத்தத் தட்டு கிடைக்கும். ஆனால் கால் கீழ்நோக்கியா முன்நோக்கியா என்று பாருங்கள். திசை மாறினால் கியர் முனையைக் கழற்றித் திருப்பிப் பூட்டினால்தான் கிளட்ச் நெம்பு கைக்கு எட்டும். புதுப்பிக்கத் திறந்திருக்கும்போதே அதை முடித்துவிடுவது மேல். தண்ணீர் வடியும் துளை இருந்தால் அதுவும் கீழே வர வேண்டும்.

மூன்று வழி உண்டு. வின்சோடு சேர்த்து வடிவமைத்த எஃகு பம்பர்: உறுதி, ஆனால் பம்பரும் வின்சும் சேர்ந்து 80 கிலோவைத் தாண்டலாம், முன் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டிவரும். அசல் பம்பருக்குப் பின்னால் மறைந்திருக்கும் தட்டு: அழகு, எடை குறைவு, ஆனால் டிரம்மைப் பார்க்கவே முடியாது. வடம் ஒரு பக்கமாகக் குவிந்து உடலைத் தள்ளுவது கண்ணில் படாமலே நடக்கும். கழற்றி மாட்டும் தொட்டில்: முன்னாலும் பின்னாலும் செருகலாம், வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம். சேற்றுக்குள் இறங்கி 40 கிலோவைத் தூக்கிச் செருக வேண்டும் என்பதை விளம்பரத்தில் சொல்லமாட்டார்கள். பழைய வின்சுக்கு நான் முதல் வழியையே எடுப்பேன், டிரம் கண்ணெதிரே இருக்கும் என்ற ஒரே காரணத்துக்காக.

எந்த வழியானாலும் விசை சேஸிஸுக்குப் போக வேண்டும். தட்டு 6 மி.மீ. எஃகு, போல்ட் எம்10, தரம் 8.8. தட்டு தட்டையாக இருப்பது அதன் கனத்தைவிட முக்கியம். பிளானட்டரியின் இரு முனைகளும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் டிரம் இறுகும், மோட்டார் தன்னோடு தானே மல்லுக்கட்டும். அலுமினியத்தில் இறங்கும் எஃகு போல்ட்டுக்கு இறுகாமைப் பசை தடவுங்கள். கப்பி போட்டு மடித்து இழுக்கும்போது கொக்கியை வின்ச் தட்டில் மாட்டாமல் சேஸிஸின் மீட்புக் கொக்கியில் மாட்டுங்கள். இல்லாவிட்டால் இரு மடங்கு விசையும் அந்த நான்கு போல்ட்டில்தான் விழும். காற்றுப்பை உள்ள வண்டியென்றால் சொந்தமாக வெல்டிங் செய்த தட்டு வேண்டவே வேண்டாம். மோதலில் நசுங்க வேண்டிய பகுதியை நீங்கள் விறைப்பாக்கிவிட்டால் பை விரியும் நேரமே மாறிவிடலாம். அந்த மாடலுக்கென்று சோதித்துச் செய்த பம்பரை வாங்குங்கள். வண்டி சட்டத்தையும் காப்பீட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வயர் கணக்கு

9000 பவுண்டு வின்ச் முழுச் சுமையில் 12 வோல்ட்டில் 400 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். போய்த் திரும்ப 4 மீட்டர், 35 சதுர மி.மீ. செம்பு வயர் என்றால் வழியிலேயே 0.8 வோல்ட் போகும், அதாவது 320 வாட் சூடு. 50 சதுர மி.மீ. போட்டால் 0.56 வோல்ட். பேட்டரி பின்னால் இருக்கும் வண்டியில் தூரம் இரட்டிப்பு, அங்கே 35 போட்டால் 1.6 வோல்ட் காணாமல் போகும். வோல்ட் குறைந்தால் மோட்டார் தளர்வது மட்டுமல்ல, கான்டாக்டரின் காயிலும் பலம் இழந்து தொடுமுனை துடிக்கும். துடித்தால் பொறி, பொறி வந்தால் ஒட்டிக்கொள்ளும். புது கான்டாக்டர் போட்டும் ஒட்டியது என்று புலம்புபவர்கள் பலரின் உண்மையான குற்றவாளி மெல்லிய வயரும் தளர்ந்த பேட்டரியும்தான்.

எர்த் வயரையும் அதே கனத்தில் நேராகப் பேட்டரிக்கே கொண்டுபோங்கள், பாடித் தகட்டை நம்ப வேண்டாம். பேட்டரிக்குப் பக்கத்தில் கையெட்டும் தூரத்தில் மின்சாரத்தை முழுசாகத் துண்டிக்கும் ஒரு ஐசொலேட்டர் சுவிட்ச் கட்டாயம். வின்ச் தேவைப்படாத நேரமெல்லாம் அது அணைந்தே இருக்க வேண்டும். முன் பம்பரில் எப்போதும் உயிருள்ள 400 ஆம்பியர் வயர் ஒன்று, மோதலில் முதலில் நசுங்குகிற இடத்தில் ஓடுகிறது என்பதை யோசித்தால் போதும். ஒரு நிமிடம் முழுச் சுமையில் இழுத்தால் பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 7 ஆம்பியர்-மணி போகும். 100 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் முழு மூச்சில் கொடுத்தாலும் அதைத் திருப்ப 4 நிமிடம் ஆகும். ஆகவே எஞ்சினை ஓடவிட்டு, சிறிது இழு, ஆறவிடு, மீண்டும் இழு.

பூட்டி முடித்ததும் காட்டுக்குப் போகும் முன் ஒரு சோதனை வேண்டும். லேசான ஏற்றத்தில் வடத்தை அந்த 5 அல்லது 10 சுற்று மிஞ்சும்வரை வெளியே எடுத்து, உறுதியான ஒன்றில் கட்டி, பிரேக்கை மெதுவாகத் தொட்டபடி வண்டியைத் தன்னைத்தானே இழுக்கவிடுங்கள். 200 முதல் 250 கிலோ இழுவிசையாவது இருந்தால்தான் வடம் டிரம்மில் இறுகி அமரும். வடத்தின் மேல் ஒரு கனத்த துணியோ விரிப்போ கிடக்கட்டும், வேடிக்கை பார்ப்பவர்கள் வடத்தின் நீளத்துக்கும் தள்ளி நிற்கட்டும். நடுவே நிறுத்தி, கால் பிரேக்கை விட்டுப் பாருங்கள். டிரம்மில் சுண்ணக்கட்டியால் போட்ட கோடு நகரக் கூடாது. நகர்ந்தால் வின்ச் பிரேக்கைத் திரும்பத் திறக்க வேண்டும். பிறகு மோட்டார் முனை, கியர் முனை, வயர் லக்குகள் (வயர் முனையில் நசுக்கிப் பூட்டிய இணைப்பு வளையங்கள்) என வரிசையாகத் தொட்டுப் பாருங்கள். மோட்டார் சூடாக இருப்பது இயல்பு. லக் சூடாக இருந்தால் கிரிம்ப், அதாவது அந்த நசுக்கல் சரியில்லை, அதை வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். கால் போல்ட்டுகளை இந்த முதல் இழுப்புக்குப் பின் ஒருமுறை இறுக்க வேண்டியிருக்கும்.